நான்கு இடம் தள்ளிப்போன வரி

1. காலை ஒன்பதே முக்கால்

திருத்தணி பைபாஸ் பக்கம், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் பதினோரு பேர், அதில் நான்தான் மூத்த புரோகிராமர். பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுத்து முடித்ததும், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் ‘உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்று செய்தி போகும்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு டீ டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. கனகம்மாசத்திரம் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸ் கிளார்க் அம்மா பேசினார்.

“சேகர் சாரா? இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க? எல்லாப் புள்ளைங்க வூட்டுக்கும் வரலன்னு மெசேஜ் போயிருக்குது சார்! ஸ்கூல் கேட்டாண்ட கூட்டம் தாங்கல. ஒரு அம்மா நடவு வேலைல இருந்து அப்படியே சேறோட ஓடியாந்து நிக்குது. ‘பஸ்ல ஏத்தி உட்டேனே, எம்பொண்ணு எங்க’ன்னு கத்திகினு இருக்குது. நான் இன்னா சொல்லட்டும்?”

கிளார்க்கின் குரலுக்குப் பின்னால் அந்தத் தாயின் குரலும் கேட்டது. அவருடைய மகள் உள்ளே வகுப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. எனக்கும் ஒரு மகள் உண்டு.

பத்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்தேன். பைத்தான் மொழியில் வரிக்கு முன்னால் விடும் காலி இடம் அழகுக்காக அல்ல. எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை அந்த இடம்தான் சொல்லும். ‘பிள்ளை வரவில்லை என்றால்’ என்ற நிபந்தனைக்கு உள்ளே இருக்க வேண்டிய ‘செய்தி அனுப்பு’ வரி, நான்கு இடம் இடப்பக்கம் தள்ளி வெளியே வந்து நின்றது. நிபந்தனை போயிற்று. பள்ளி முழுக்கச் செய்தி போயிற்று.

அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பத்மா என்று பதிவில் இருந்தது. அதை ரிவ்யூ செய்து சரி என்று ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

2. பத்மா

பத்மா பள்ளிப்பட்டுக்காரி. அவளுடைய நைனா விசைத்தறி ஓட்டுகிறார். காலையில் அவர்தான் மொபெட்டில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவார். திருத்தணியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பது மணிக்கு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். பிறவியிலேயே பார்வை கிடையாது.

நேர்முகத் தேர்வில் எங்கள் மேனேஜர் தயாளன், “நீ எப்படிம்மா கம்ப்யூட்டர் கோடு எழுதுவ?” என்று கேட்டார்.

“உங்க ஆளுங்க எப்படி எழுதறாங்க சார்? விரல்லதான?” என்றாள்.

தயாளன் சிரித்துவிட்டார். அன்றே வேலை கொடுத்தார்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அவளுடைய ஹெட்போனில் பேசும் வேகம் இருக்கிறதே, எங்களுக்கு அது கொசு கத்துவது போலத்தான் கேட்கும். அதோடு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஒரு வரிக்குப் போனதும் முதலில் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். நான்கு இடம் உள்ளே போகப் போக ஸ்வரம் ஏறும். வரி எங்கே நிற்கிறது என்று எங்களுக்குக் கண் சொல்வதை அவளுக்கு அந்த ஸ்வரம் சொல்லும்.

“சேகர் சார் கோடு கேக்கறது ரொம்ப கஷ்டம் சார். ஏறிகினே போவுது, எறங்கவே மாட்டேங்குது” என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வாள். உண்மைதான். ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நான் எழுதித் தள்ளுவேன். அவள் சொன்ன பிறகு கொஞ்சம் திருத்திக்கொண்டேன்.

3. புது மோட்

கோடு எழுத நாங்கள் பயன்படுத்தும் எடிட்டரில் பைத்தானுக்கென்று பழைய மோட் ஒன்று இருந்தது. அடுத்த வரியை எங்கே தொடங்க வேண்டும் என்று தானே முடிவு செய்யும். அதற்காக மேலே உள்ள ஒன்றிரண்டு வரிகளை மட்டும் பார்க்கும். அரைகுறைதான். ஆனால் தவறு செய்தாலும் ஒரே மாதிரி தவறு செய்யும்.

பிறகு, கோட்டின் இலக்கணத்தைப் பிரித்தறியும் பார்சர் வைத்த புது மோட் வந்தது. இது வரியைப் பார்த்து ஊகிப்பதில்லை. முழு ஃபைலையும் படித்து, எது எதற்குள் அடங்கும் என்று ஒரு மரம் கட்டி, அந்த மரத்தைக் கேட்டு வரியை நிறுத்தும். அதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் குழுவுக்கான விதிகளை நானே உட்கார்ந்து எழுதினேன். பிராக்கெட்டை மூடியதும் சுற்றியுள்ள வரிகள் தாமாகவே வரிசைப்படும்படி ஒரு வசதியும் சேர்த்தேன். பதினோரு பேரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆர்டர் போட்டேன். இதையெல்லாம் என்னிடம் யார் கேட்டார்கள்?

அதில் ஒரு பலவீனம் உண்டு. பாதி எழுதிய கோடு பார்சருக்குப் புரியாது. புரியாத பகுதியை மொத்தமாக ‘பிழை’ என்று ஒரு மூட்டையாகக் கட்டி மரத்தில் தொங்கவிட்டுவிடும். அந்த மூட்டைக்கு நான் எந்த விதியும் எழுதவில்லை. எழுதி முடித்தால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் பத்மா வந்தாள்.

“சார், நான் எழுதின வரி நகருது.”

“எங்க நகருது?”

“அப்ப இல்ல சார். நான் கேட்டுட்டு தாண்டிப் போயிடறேன், அப்புறமா நகருது. திரும்பி வந்து கேட்டா வேற எடத்துல நிக்குது.”

எங்களுக்கு ஒரு வரி நகர்ந்தால் கண் ஓரத்தில் தெரிந்துவிடும். பத்மாவுக்கு அப்படி இல்லை. தாண்டிப்போன வரி ஞாபகத்தில்தான் இருக்கும். அது இடம் மாறியதைத் தெரிந்துகொள்ள அவள் ஃபைல் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். கேட்டாள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கேட்டாள். அவள் வேலை இரண்டு மடங்கு தாமதமானது. தயாளன் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்.

4. ஆடிக் கிருத்திகை அன்று

வரி நகர்வதைப் பற்றி பத்மா டிக்கெட், அதாவது பிழைப் புகார், போட்டிருந்தாள். நாள் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஆடிக் கிருத்திகை அன்று உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொன்னேன். அன்று மலையைச் சுற்றி எல்லா ரோட்டையும் மூடிவிடுவார்கள். ஆபீசில் பாதிப் பேர் வரமாட்டார்கள், வேலையும் இருக்காது. பத்மா முதல் நாளே வந்து இங்கே அத்தை வீட்டில் தங்கிவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு வந்து சேர்ந்தாள்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர். காவடிக்காரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அரோகரா சத்தமும் பம்பையும் ஓயவில்லை. எங்கள் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. பத்மா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஸ்வரம் ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

“பரவால்ல சார். நான் பாட்டுக்கு அடிக்கறேன், நீங்க ஸ்கிரீன பாத்துகினு இருங்க” என்றாள்.

“கேக்காம எப்படிம்மா அடிப்ப? குடு, நானே அடிச்சுப் பாக்கறேன்.”

கீபோர்டை என் பக்கம் இழுத்து, வழக்கம்போல எடிட்டரில் என் அமைப்புகளை ஏற்றிக்கொண்டேன். நாற்பது வரி அடித்தேன். ஒரு வரியும் நகரவில்லை.

“பாரு, ஒண்ணும் நகரல.”

“நீங்க அடிச்சா நகரல சார். நான் அடிச்சாதான் நகருது.”

“அடிக்கறது யாரு கைன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம்மா?”

பெரிய அறிவாளி மாதிரி கேட்டேன். அங்கேயே டிக்கெட்டைத் திறந்து, ‘மறுபடி நிகழவில்லை’ என்று எழுதி மூடினேன்.

5. ஒரு பட்டன்

அதற்குப் பிறகும் அவளுடைய மாற்றங்கள் ரிவ்யூவுக்கு வந்தால், மூன்று வரிதான் உண்மையில் மாறியிருக்கும். காலி இடம் மட்டும் மாறிய வரிகள் முப்பது இருக்கும். திரை முழுக்க மாற்றங்களைக் காட்டும் சிவப்பும் பச்சையும். எனக்குக் கண் வலித்தது, எரிச்சலும் வந்தது. ரிவ்யூ திரையில் ‘காலியிட மாற்றங்களை மறை’ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினேன். முப்பது வரியும் மறைந்துபோயின.

“இப்ப பாரு பத்மா, உன் ரிவ்யூ எவ்ளோ சுத்தமா இருக்குது.”

“எப்படி சார்?”

“ஸ்பேஸ் மாத்தத்த எல்லாம் மறைச்சுட்டேன்.”

அவள் “பைத்தான்ல சார்?” என்று கேட்டாள்.

“ஆங், ஆங், தெரியும். நான் பாத்துக்கறேன். நீ இனிமே ஃபைல் பூரா திரும்பத் திரும்பக் கேட்டுகினு இருக்காத. லேட்டாவுதுன்னு தயாளன் சார் என்னக் கேக்கறாரு. எடிட்டர் பாத்துக்கும்.”

அவள் கேட்பதை நிறுத்தினாள். நான் சொன்னதால் நிறுத்தினாள்.

அரைநாள் விடுப்பு எடுத்த பிள்ளைகளுக்குச் செய்தி போகக் கூடாது என்று அந்தப் பள்ளி கேட்டது. பத்மா ஒரு நிபந்தனை சேர்த்தாள். அவள் எழுதியதில் தவறே இல்லை. எழுதி முடித்து பிராக்கெட்டை மூடிய நொடியில், கீழே இருந்த ‘செய்தி அனுப்பு’ வரி நகர்ந்தது. சோதனைக்கு நான் வைத்திருந்த பட்டியலில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் வராதவர்கள், அதனால் சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. ரிவ்யூவில் அந்த வரி மாறியதாகவே திரை காட்டவில்லை. நான் சரி என்று அழுத்தினேன். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

6. மீட்டிங்

மூன்று நாள் கழித்துத் தயாளன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா ஸ்கூல்காரங்க யாரு பண்ணதுன்னு கேக்கறாங்க. கோட்ட எழுதினது பத்மாதான?”

“ஆங் சார், நான்தான்” என்றாள்.

“தப்பா எடுத்துக்காதம்மா. பைத்தான்ல ஸ்பேஸ்தான் எல்லாம். அத்தப் பாக்க முடியாதவங்களுக்கு இந்த வேல எப்படி செட் ஆவும்?”

அவள் நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“சேகர் சார், ரிவ்யூல அந்த வரி நகந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பட்டனை அழுத்தி மறைத்தது நான்தான் என்ற வாக்கியம். தயாளன் என்னைப் பார்த்தார்.

“இல்லம்மா. திரைல காட்டல” என்றேன்.

பொய்யில்லை. காட்டவில்லைதான். இருபத்தி மூன்று வருட சர்வீசில் நான் சொன்னவற்றில் அதைவிடக் கேவலமான ஒன்று எனக்கு நினைவில்லை.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்றோடு அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் அவளை அழைத்துப் போக அவளுடைய நைனா வந்திருந்தார். அவள் மேலே ஹெட்போனையும் சாமான்களையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே டயர் கடை வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“சார், நாலு எடம் நகந்து போச்சாமே. தறில நாலு இழ தப்புனா எனக்குக் கைல தெரிஞ்சிடும் சார். எம் பொண்ணுக்கு எப்படித் தெரியாமப் போச்சி? கவனமாத்தான இருப்பா?”

பெற்ற அப்பாவே மகளைச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். “வேற நல்ல வேல கெடைக்கும்ங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

7. புது லேப்டாப்

நான்கு மாதம் கழித்து எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். குழுவுக்கான மோட் மட்டும் அதில் இருந்தது, என் பழைய அமைப்புகளை இன்னும் போடவில்லை. ஒரு பிராக்கெட்டைத் திறந்து என்டர் தட்டினேன். அடுத்த வரி இடது ஓரத்துக்குப் போய் நின்றது. ஏதோ கைத்தவறு என்று நினைத்து, மீதியை எழுதி பிராக்கெட்டை மூடினேன். கீழே மூன்று வரிகள் என் கண் முன்னாலேயே நகர்ந்தன.

என் பழைய அமைப்பில் இருந்து இதில் இல்லாதது எது என்று தேடினேன்.

எங்கள் எல்லோருடைய எடிட்டரிலும் பிராக்கெட்டைத் திறந்தால், மூடும் பிராக்கெட் தானாகவே வந்துவிடும். நாங்கள் உள்ளே போய் எழுதுவோம். ஆகவே எங்கள் கோடு பார்சருக்கு எந்த நொடியிலும் முழுசாகவே இருக்கும். பத்மா வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த வசதியை நிறுத்திவிட்டாள். “நான் ஒண்ணு அடிச்சா அது ரெண்டு படிக்குது சார், கொழம்புது” என்று காரணமும் சொன்னாள். நான் தலையாட்டியிருக்கிறேன். அவள் திறப்பாள், மூன்று நான்கு வரி எழுதுவாள், கடைசியில்தான் மூடுவாள். அவ்வளவு நேரமும் மரத்தில் அந்தப் பிழை மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும். கீழே உள்ள வரிகள் எதற்குள் அடங்கும் என்று பார்சருக்குத் தெரியாது. நான் எழுதிய விதிகள் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்லும்.

கம்ப்யூட்டருக்கு யார் கை என்று தெரிந்துதான் இருந்தது. கிருத்திகை அன்று அவளையே அடிக்கவிட்டு நான் திரையைப் பார்த்திருந்தால், ஐந்து நிமிட வேலை.

மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினேன். பிழை மூட்டை வந்தால் மரத்தை நம்பாதே, பழைய மோட் மாதிரி மேலே திறந்து கிடக்கும் பிராக்கெட்டுகளை எண்ணு என்று விதி எழுதினேன். தானாக வரிசைப்படுத்தும் வசதியைப் பிடுங்கிப் போட்டேன். பிறகு தயாளனிடம் போய், பட்டன் அழுத்தியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த சீட்டுக்கு ஆள் போட்டாச்சு சேகர். ஸ்கூலும் நம்மள உட்டுப் போயிடுச்சு. இப்ப கெளறி இன்னா ஆவப்போவுது?”

வெளியே வந்து பத்மாவுக்குப் போன் போட்டேன்.

8. போன்

சோளிங்கர் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் போன் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“பத்மா, நான் சேகர் பேசறேன்.”

“ஆங் சார், கொரல்லயே தெரியுது. நல்லா இருக்கீங்களா?”

ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

“எர்ரர் வந்தா பிராக்கெட்ட எண்ணச் சொல்லியிருக்கீங்க, சரி. அனுப்பற மெசேஜுக்குள்ளயே ஒரு பிராக்கெட் தொறந்து இருந்தா? அத்தயும் சேத்து எண்ணிடாதா?”

லேப்டாப் மடியில் இருந்தது. அடித்துப் பார்த்தேன். வரி நகர்ந்தது.

“நகருதும்மா” என்றேன்.

“நகரும் சார்.”

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவள்.

“அன்னிக்கு மீட்டிங்ல நீ சொல்லியிருக்கலாமே பத்மா? பட்டன் விஷயம் உனக்குத் தெரியும்தான?”

“தெரியும் சார். நான் சொன்னா பழிய உங்க மேல போடறேன்னுதான் சொல்லுவாங்க. அதான் உங்களயே கேட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அந்தப் பக்கம் இன்னொரு போன் அடித்தது. “சார், ஆள் கூப்புடறாங்க, வெச்சிடறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவர் பிழை என்று வந்து சொன்னால் அவருடைய கீபோர்டைப் பிடுங்காதீர்கள். அவர் அடிக்கட்டும், நீங்கள் பாருங்கள். உங்கள் கையில் வராத பிழை, பிழையே இல்லை என்று எழுதி மூடிவிடாதீர்கள். மூடிவிட்டீர்கள் என்றால், யாராவது கேட்கும்போது அதையாவது வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

ஆபீசில் அன்று நடந்ததைப் பற்றி எழுதி வைத்திருந்த சம்பவ அறிக்கையில் ‘காரணமானவர்’ என்ற இடத்தில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், சேர்த்தார்கள். பத்மாவின் பெயரை எடுக்கச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன். கோட்டை எழுதியது அவள்தானே என்று சொல்லி எடுக்க மறுத்துவிட்டார்கள்.